கல்லூரியில் முதல் ஆறு மாதம்

தங்கைக்கு எந்தப் பாடம்? அண்ணனுக்கு எந்த வருஷம்?
விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வீடுகளில் ஜூன் மாதக் கணக்கு

பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்துவிட்டது. வீட்டில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாயிற்று. அக்கம் பக்கத்தார் வந்து, "எத்தனை மார்க்?" என்று விசாரித்துவிட்டுப் போயாயிற்று. அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி தலை நீட்டுகிறது. அடுத்து என்ன படிப்பது?

மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயியின் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிலாவும் நெல்லும் பயிரிடுகிற குடும்பம். மகள் அரசாங்கப் பள்ளியில் தமிழில் படித்துப் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். அண்ணன் மகன் அதே வீட்டில் வளர்ந்தவன். அவன் பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கியிருக்கிறான். அந்த வீட்டில் இதுவரை பட்டம் வாங்கியவர் எவரும் இல்லை.

இரண்டு பிள்ளைகள், இரண்டு விண்ணப்பங்கள். தங்கைக்கு, முதல் பருவத்தில் எதை எடுப்பது என்ற கவலை. அண்ணனுக்கோ, முதல் வருஷத்தையே தாண்டிப் போகலாமா என்ற கேள்வி. தகப்பனாருக்கு ஒரே கவலை.

"தப்பா எழுதிட்டா ஒரு வருஷம் போயிடுமேம்மா!" என்கிறார் அவர்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருஷம் என்பது பஸ் செலவு, புத்தகச் செலவு, ஒரு பிள்ளையின் சம்பாத்தியம் எல்லாம் சேர்ந்தது.

இரண்டு ஊர், இரண்டு கல்லூரி

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது ஒரு காலத்தில் தூரத்துப் பச்சை. சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ போய்த் தங்கிப் படிக்க வேண்டும். விழுப்புரம் பெரிய ரெயில் சந்திப்பு. சென்னைக்குப் போகும் வண்டியும், திருச்சிக்குப் போகும் வண்டியும் அங்கே நின்றுதான் போகும். ஆனால் படிக்கப் போகிறவர்கள் அங்கே இறங்கவில்லை, ஏறினார்கள்!

அந்த நிலை 1968-ல் மாறியது. அந்த ஆண்டில் விழுப்புரத்தில் அரசாங்கக் கலைக் கல்லூரி வந்தது. இன்று அது அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. அடுத்த ஆண்டு, 1969-ல், திண்டிவனத்திலும் ஒரு கல்லூரி பிறந்தது. அண்ணாவின் மந்திரிசபையில் விவசாய மந்திரியாக இருந்த ஏ. கோவிந்தசாமியின் பெயரைத் தாங்கி அது நிற்கிறது. செஞ்சி, மரக்காணம், வந்தவாசி, விக்கிரவாண்டி என்று நாலா திசையிலிருந்தும் வரும் பஸ்களில் இன்றும் காலை வேளையில் மாணவர் கூட்டம் நிரம்பி வழிகிறது.

அந்தக் காலத்தில் பள்ளியில் 11 வருஷம் படித்துவிட்டு, கல்லூரிக்கு வந்து பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பை ஒரு வருஷம் படிக்க வேண்டும். அதில் தேறினால்தான் பட்டப்படிப்பு. பள்ளியில் தமிழில் படித்தவர்கள் திடீரென்று ஆங்கிலத்தில் பாடம் கேட்டுத் திணறிய வருஷம் அது. பி.யு.சி.யோடு படிப்பை விட்டவர்கள் எத்தனையோ பேர். 1978-ல் மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது, பி.யு.சி. மறைந்தது. ஆனால் அந்த வருஷத்தின் திணறல் மறைந்ததா? இல்லை. அது இப்போது முதல் பருவத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு கல்லூரிகளும் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஏற்பட்டதும் அதன் கீழ் வந்தன. 2021-க்குப் பின் விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன.

மார்க் எங்கே எண்ணப்படுகிறது?

அரசாங்கக் கலைக் கல்லூரிகளுக்கு 2020 முதல் இணையம் வழியாக விண்ணப்பம் வாங்கும் முறை வந்தது. பிளஸ் டூவுக்கு மொத்தம் 600 மார்க். ஆனால் தர வரிசைக்கு 600-ம் எண்ணப்படுவதில்லை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கைப் பார்க்கிறார்கள். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கைப் பார்க்கிறார்கள். மற்றப் படிப்புகளுக்கு மொழிகளை விட்டுவிட்டு, நான்கு பாடங்களின் கூட்டுத் தொகையான 400-க்கு எத்தனை என்று பார்க்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு லாபம் உண்டு. மொத்த மார்க் குறைவு என்று கலங்கும் பெண், தமிழில் 90-க்கு மேல் வாங்கியிருந்தால், தமிழ் இலக்கியத்துக்கான வரிசையில் முன்னால் நிற்பாள்.

முப்பது மணி நேரமும் இருபத்துமூன்று கிரெடிட்டும்

முதல் பருவத்தில் என்னதான் இருக்கிறது? தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும். பட்டம் வாங்க மூன்று வருஷத்தில் 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். முதல் பருவத்துக்கு 23 கிரெடிட்; வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு.

அதில் தமிழுக்கு 6 மணி, ஆங்கிலத்துக்கு 6 மணி. ஒவ்வொன்றுக்கும் 3 கிரெடிட். முதன்மைப் பாடம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 5 மணி, 5 கிரெடிட். துணைப் பாடம் ஒன்றுக்கு 4 மணி, 3 கிரெடிட். இவற்றுக்குப் பிறகு 2 மணி, 2 கிரெடிட் வீதம் இரண்டு சிறிய பாடங்கள். ஒன்று, பிற துறைப் பாடம். மற்றொன்று, முதன்மைப் பாடத்துக்கு அடித்தளம் போடும் பாடம்.

இந்தப் பட்டியலில் மாணவர் தாமே தேர்ந்தெடுக்கக்கூடியது கொஞ்சம்தான். முதன்மைப் பாடம், சேர்க்கை நாளிலேயே முடிவாகிவிடும். மொழி எது, பிற துறைப் பாடம் எது, சில துறைகளில் துணைப் பாடம் எது என்பவை மட்டுமே கைக்குள் இருப்பவை. கைக்குள் இருப்பது கொஞ்சம் என்பதால்தான் அதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இரண்டு கிரெடிட் பாடம்தானே!" என்று சிறிய பாடத்தை அலட்சியம் செய்துவிடுவார்கள். ஆனால் எல்லாப் பகுதியிலும் தேறினால்தான் பட்டம். முதன்மைப் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவரும், இரண்டு கிரெடிட் பாடத்தில் அரியர் வைத்தால் பட்டம் கைக்கு வராது.

பிற துறைப் பாடம் யாருக்கு?

இந்தப் பிற துறைப் பாடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. இதற்கு முன் எவ்வளவு தமிழ் படித்தார் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. பள்ளியில் தமிழே படிக்காமல், கல்லூரியிலும் வேறு மொழியை எடுத்தவருக்கு 'அடிப்படைத் தமிழ்'. பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவருக்கு 'சிறப்புத் தமிழ்'. கல்லூரியிலும் தமிழையே எடுத்தவர், வேறொரு துறையின் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். கணிதம் படிக்கிறவர் வணிகவியல் துறையில் கொஞ்சம் கணக்குப்பதிவு கற்கலாம். வரலாறு படிக்கிறவர் கம்ப்யூட்டர் அரிச்சுவடி கற்கலாம்.

நம் கலைக் கல்லூரிகளில், பழைய படிப்பைப் பார்த்துப் பாடத்தை மாற்றுகிற இடம் முக்கியமாக இது ஒன்றுதான். பிளஸ் டூ கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், முதல் பருவக் கணிதத்திலிருந்து விலக்குக் கிடையாது. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓட வேண்டும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

விண்ணப்பப் பட்டியலில் சில படிப்புகளுக்குப் பக்கத்தில் 'தமிழ் வழி' என்றும், சிலவற்றுக்குப் பக்கத்தில் 'ஆங்கில வழி' என்றும் இருக்கும். சிறிய எழுத்தில் இருக்கும் பெரிய விஷயம் இது.

தகப்பனார் யோசிக்காமலே சொல்லிவிட்டார்: "இங்கிலீஷே போடும்மா. நாலு பேர் மதிப்பாங்க."

மகள் சொன்னாள்: "அப்பா, நான் சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுதணும்னு இருக்கேன். தமிழ்ல படிச்சா அதுல முன்னுரிமை இருக்காம்."

அவள் கேள்விப்பட்டது உண்மை. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசாங்கப் பணிகளில் 20 சதவிகித இடங்களில் முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழில் இருந்திருக்க வேண்டும். அதாவது, 12 வருஷம் தமிழ் வழியில் படித்துவந்த ஒரு பெண், கல்லூரிச் சேர்க்கை நாளில் விவரம் தெரியாமல் ஆங்கில வழி எடுத்தால், பட்டம் கேட்கும் உத்தியோகங்களில் அந்த முன்னுரிமையை இழந்துவிடுகிறாள். பிறகு எத்தனை மார்க் வாங்கினாலும் அது திரும்பி வராது.

அதற்காக எல்லோரும் தமிழ் வழிதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி, வெளி மாநிலம், தனியார் கம்பெனி என்று கருதுகிறவருக்கு ஆங்கில வழி கைகொடுக்கும். எங்கே போகப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் வழி எடுக்கிறவருக்கும் வாரம் 6 மணி ஆங்கில வகுப்பு உண்டு. அதை வீணாக்காமல் இருந்தாலே பாதிக் குறை தீரும்.

இன்னொரு விஷயம், கணிதம். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள், துணைப் பாடத்தில் கணிதம் கிடைக்குமானால் அதைத் தட்டிக்கழிக்கும்முன் ஒரு முறை யோசிப்பது நல்லது. எம்.சி.ஏ. போன்ற மேற்படிப்புகளுக்குப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பள்ளியில் சாத்திய கதவை அந்த ஒரு துணைப் பாடம் திறந்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

முன்பே படித்ததற்குக் கல்லூரியில் கழிவு கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்துப் பாடம் ஒன்றைப் படித்து, மே மாதத்தில் அதற்கென்று நடக்கும் பரீட்சையை எழுதுகிறார்கள். 1950-களின் நடுவில் தொடங்கிய ஏற்பாடு இது. மார்க் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல கல்லூரிகள் கிரெடிட் கொடுக்கின்றன. சில கல்லூரிகள் 4 கேட்கும், சில 5 கேட்கும். கிரெடிட் கிடைத்தவர் முதல் பருவத்தில் அந்தப் பாடத்தைத் தாண்டி, அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

ஆனால் அங்கேயும் மாணவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. "கிரெடிட் கிடைத்துவிட்டது. அதற்காகத் தாண்டிப் போகத்தான் வேண்டுமா? மேல் பாடம் புரியாமல் போனால்?" என்று யோசித்து, கையில் கிரெடிட் இருந்தும் முதல் பாடத்தையே மறுபடி படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நாட்டுத் தயக்கம் இந்த ஊருக்கும் பொருந்தும். எப்படி என்று கேட்டால், அண்ணன் கதைக்கு வர வேண்டும்.

நேராக இரண்டாம் வருஷம்

என்ஜினீயரிங் பட்டம் நான்கு வருஷம், எட்டுப் பருவம். டிப்ளமோ முடித்தவர் நேராக இரண்டாம் வருஷத்தில், அதாவது மூன்றாம் பருவத்தில் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளுக்கும் இந்த வழி உண்டு. விழுப்புரத்தில் காகுப்பத்திலும், திண்டிவனத்தில் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் 2008 முதல் இருப்பதால், என்ஜினீயரிங் படிக்க இந்தப் பக்கத்துப் பையன் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

"ஒரு வருஷம் மிச்சம்டா தம்பி!" என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார்.

உண்மையில் மிச்சமா? விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் பிளஸ் டூ 2 வருஷம், என்ஜினீயரிங் 4 வருஷம், ஆக 6. டிப்ளமோ 3 வருஷம், நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்து 3 வருஷம், அதுவும் 6. ஆகவே, டிப்ளமோக்காரன் மற்றவனை முந்தவில்லை. அவனோடு சமமாக வந்து நிற்கிறான். கூடுதலாக, கையில் ஒரு டிப்ளமோ இருக்கிறது. இடையில் பணம் முடைப்பட்டால் வேலைக்குப் போக ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதுதான் லாபம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷப் பயிற்சி முடித்தவரும், பிளஸ் டூ முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அங்கிருந்து என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். 2, 2, 3 என்று கூட்டினால் 7 வருஷம். ஒரு வருஷம் அதிகம். ஆனால் பட்டறையில் தொடங்கிய பிள்ளை பட்டதாரியாக முடிக்க ஏணி இருக்கிறது என்பது சின்ன விஷயமா?

தாண்டிய வருஷத்தின் கடன்

கஷ்டம் எங்கே இருக்கிறது? தாண்டிய முதல் வருஷத்தில் இருக்கிறது. அந்த வருஷத்தில் மற்ற மாணவர்கள் அணிகளும் நுண்கணிதமும் படித்திருப்பார்கள். டிப்ளமோவிலும் கணிதம் உண்டு. ஆனால் அதைப் படித்தது முதல் வருஷத்தில். கடைசி இரண்டு வருஷமும் பட்டறை, வரைபடம், இயந்திரம் என்று போய்விட்டது. கை பழகிவிட்டது, கணக்கு மறந்துவிட்டது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளில், மெக்கானிக்கல் மாணவருக்கு மூன்றாம் பருவத்தில் காத்திருக்கும் கணிதப் பாடம் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஃபூரியர் தொடரும் அடங்கியது. மற்றவர்களுக்கு அது மூன்றாவது கணிதப் பாடம். நேராக இரண்டாம் வருஷம் வந்தவனுக்கோ அதுதான் முதல் பாடம்! தொகையிடத் தெரியாமல் ஃபூரியர் தொடரில் கை வைக்க முடியாது. பட்டறைப் பாடங்களில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருப்பவன், இந்த ஒரு தாளில் அரியர் வைத்துவிட்டு அதைச் சுமந்துகொண்டே போக நேர்கிறது.

பி.எஸ்ஸி. முடித்து வருகிறவருக்குக் கஷ்டம் வேறு பக்கம். அவர்களுக்குக் கணிதம் வரும், வரைபடம் வராது. அதனால்தான், பி.எஸ்ஸி. வழியாக வருகிறவர்கள் முதலாண்டுப் பாடங்களான என்ஜினீயரிங் வரைபடத்தையும் இயக்கவியலையும் இரண்டாம் வருஷப் பாடங்களோடு சேர்த்துப் படித்துத் தேற வேண்டும் என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு விதி செய்திருக்கிறது. டிப்ளமோ மாணவரோ தமக்கு எது குறைகிறது என்று தாமே பார்த்து, தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. டிப்ளமோ முடிவுக்கும் என்ஜினீயரிங் வகுப்புத் தொடக்கத்துக்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். அந்த வாரங்களில் வகையிடல், தொகையிடல், அணிகள் ஆகிய மூன்றையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால் போதும். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாய்ப்புள்ள செல்பேசி ஒன்று இருந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்தே படிக்கலாம்.

இந்த இணையப் பாடங்களுக்குக் கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினால் சான்றிதழும் உண்டு. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவிகிதம் வரை 'ஸ்வயம்' இணையப் பாடங்களிலிருந்து எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கொடுப்பது என்பதை அவரவர் பல்கலைக்கழகமும் கல்லூரியும்தான் முடிவு செய்கின்றன. பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்பதைவிட, துறைத் தலைவரைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

ஜூன் மாதக் கடைசியில்

அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. மகள் கணிதத்தைத் தமிழ் வழியில் எடுக்கிறாள். பிற துறைப் பாடமாக வணிகவியல். உத்தியோகப் பரீட்சைக்கு உதவும் என்பது அவள் எண்ணம். ஆறாம் வகுப்பு முதல் அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. அதற்கான காகிதங்களையும் தகப்பனார் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

அண்ணன், காகுப்பத்தில் இரண்டாம் வருஷத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இடம் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்கவில்லை. தங்கையின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தொகையிடல் பாடத்தைப் பிரித்திருக்கிறான்.

"அதான் அந்த வருஷத்தைத் தாண்டியாச்சே, இன்னும் எதுக்குடா அந்தப் புத்தகம்?" என்று சித்தப்பா கேட்டார்.

"வருஷத்தைத் தாண்டலாம் சித்தப்பா. பாடத்தைத் தாண்ட முடியாது" என்றான் அவன்.

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது கணக்கில் அவன் தடுமாறியபோது, பென்சிலை வாங்கி அடுத்த வரியை அவள் போட்டுக் காட்டினாள்.